கூரைக்கு வந்த துடக்கு

ரொறொன்ரோவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. டோர்ட்மண்டில் காலை ஏழே கால். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கம்; வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. புஸ்பவதி குசினியில் நின்று, கூரை வேலைக்கு வந்த இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஓடு கழற்றும் சத்தம் கேட்டது. மூன்று மாரியாக அவள் காத்திருந்த சத்தம். அந்தச் சத்தத்தின் நடுவேதான் தொலைபேசி அடித்தது. அவளும் எடுத்துத் தொலைத்தாள்.

"சித்தி, நான் அசோகன் கதைக்கிறன், கனடாவிலையிருந்து. அப்பா மோசம் போயிட்டார். கொஞ்சம் முந்தித்தான், ஆஸ்பத்திரியில."

எந்த அசோகன், எந்த அப்பா என்று பிடிபட அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. பிடிபட்டதும் ஓட்டுச் சத்தம் வந்த பக்கம் அண்ணாந்தாள். செத்தவரை நினைத்து அண்ணாந்தாள் என்று சொன்னால் பொய். செத்தவர் சுவாமிநாதன், அவள் புருசன் கணேசலிங்கத்தின் துடக்குக்காரர். அதுதான் சங்கதி.

மற்ற ஊர்த் தமிழர் தீட்டு என்பதை யாழ்ப்பாணத்தார் துடக்கு என்பார்கள். தகப்பன் வழியில் ஒரே கொடியில் வந்தவர்களுக்குள் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லார் வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது. சுவாமிநாதனின் அப்பப்பாவும் கணேசலிங்கத்தின் அப்பப்பாவும் அண்ணன் தம்பி. பேரப்பிள்ளைகள் இருவரும் ஓர் எல்லை வேலிக்காகக் கோபித்துக்கொண்டவர்கள். புஸ்பவதி கலியாணம் கட்டி வந்த காலத்துக்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. வேலி நின்ற இடத்தில் இப்போது இராணுவ முகாம் நின்றது. கோபம் மட்டும் கனடாவில் பாதியும் ஜேர்மனியில் பாதியுமாகப் பழுதுபடாமல் இருந்தது.

சாவைக் கேள்விப்படாதவரைக்கும் துடக்கு இல்லை என்பது சாத்திரம். மாதம் கழித்துக் கேள்விப்பட்டால் தலையில் தண்ணீர் வார்த்ததோடு காரியம் முடிந்தது. ஆகவே அந்தக் காலையில் கூரைக்கும் துடக்குக்கும் நடுவே நின்றது புஸ்பவதியின் வாய் ஒன்றுதான்.

"ஆரப்பா போனில?" என்று கேட்டபடி கணேசலிங்கம் உள்ளே வந்தார்.

ஒருத்தருமில்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். பிழையான நம்பர், விளம்பரக்காரன் என்று எத்தனையோ பொய்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் இத்தனை வருடம் ஒருத்தரோடு குடும்பம் நடத்தினால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது.

"சுவாமிநாதண்ணை மோசம் போயிட்டாராம்."

கணேசலிங்கம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே வெளியே ஓடினார். இடுப்பில் ஒரு சாரம். கூரைக்காரர் நின்று வேலை செய்ய வீட்டைச் சுற்றி இரும்புக் குழாயும் பலகையுமாகக் கட்டிய சாரம் இன்னொன்று. ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றதன் கீழே நின்று, அண்ணாந்து, தமக்குத் தெரிந்த ஜேர்மனில் கூப்பிட்டார்: நிப்பாட்டுங்கோ, குடும்பத்தில் சாவு, என்னுடைய ப்ரூடர்.

பிழை அந்த ஒரு சொல்லில் விழுந்தது. தமிழில் அண்ணை என்றால் யாராகவும் இருக்கலாம். மீன் விற்கிறவரும் அண்ணை, பஸ் ஓட்டுகிறவரும் அண்ணை, அப்பப்பாவின் தம்பியின் பேரனும் அண்ணை. ஜேர்மன்காரருக்கு ப்ரூடர் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். மேலே நின்ற இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்குள், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கூரையில், கணேசலிங்கத்தின் பக்கத்து முகட்டோடுகளையும் கழற்றி அடுக்கியிருந்தார்கள்.

பாவம் என்று இரங்கி, கழற்றியதை எல்லாம் எடுத்துத் திரும்ப வைத்தார்கள். சாந்து இல்லை, பிடிக்கிற கொளுக்கி இல்லை. மேசையில் கோப்பையைக் கவிழ்த்து வைக்கிற மாதிரி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். துக்கம் முடிந்ததும், இரண்டொரு நாளில், வந்து செய்யலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டொரு நாளில் முடிகிற துக்கத்தைப் பற்றி மட்டும்தான் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள்.

கணேசலிங்கம் ஜேர்மனிக்கு வந்தது எண்பத்தைந்தில், கிழக்கு பெர்லின் வழியாக. அகதி முகாமில் அவர் படித்த முதல் ஜேர்மன் சொல் ஃபெர்போட்டன். 'கூடாது' என்று அர்த்தம். கதவில், சுவரில், படிக்கட்டில் எங்கும் அது எழுதியிருந்தது. மற்றவர்கள் அந்தச் சொல்லைக் கண்டு எரிச்சல்பட்டார்கள். கணேசலிங்கத்துக்கோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. கூடாது, கூடாது என்று கேட்டே வளர்ந்த மனிசன். ஊர்க் கூடாதுகளைப் பெட்டியில் கொண்டுவந்தவர், இந்த நாட்டுக் கூடாதுகளையும் அதே பெட்டியில் அடுக்கிக்கொண்டார். ஒன்றையும் எறியவில்லை.

இரண்டு தேசத்துச் சட்டத்தையும் ஒருங்கே கைக்கொள்கிறவருக்கு ஒரு கிழமையில் என்ன மிஞ்சும்? ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் பிடிக்க ஜேர்மன் சட்டம் விடாது. செவ்வாய் புதுக் காரியத்துக்குத் தமிழனுக்கு ஆகாது; வெள்ளியில் வீட்டில் எதையும் உடைக்கவோ கழற்றவோ கூடாது. சனி தொடங்கினால் இழுபடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கே சனம் சத்தமில்லாமல் இருக்கும் நேரம்; அதற்கு முன்னாலோ பின்னாலோ ராகுகாலம் வந்து குந்தியிருக்கும். அட்டமி, நவமி தனி. ஆடியும் மார்கழியும் மொத்தமாகப் போய்விடும். எஞ்சிய திங்களிலும் புதனிலும் வியாழனிலும் அவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை இல்லாமலும், வானத்தில் மழை இல்லாமலும் இருந்தால், சுவரில் ஓர் ஆணி அடிக்கலாம்.

"கணேசண்ணை, உங்கடை வீட்டில கக்கூஸ் பைப் வெடிச்சாலும் பஞ்சாங்கம் பாத்துத்தான் அடைப்பியளோ?" என்று பென்ஜமின் கேட்பான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். தொழிற்சாலையில் அவரோடு ஒரே அடுப்பில் நிற்கிறவன்.

"நீ வேதக்காரன். உனக்கு விளங்காது."

"எங்களுக்கும் ஈஸ்டருக்கு முந்தித் தபசு காலம் இருக்கு அண்ணை. ஆனா தபசு காலத்தில ஒழுகினா நாங்கள் ஓட்டைத்தான் மாத்திறது. நீங்கள் சட்டியை மாத்திறியள்."

சட்டி விசயம் உண்மை. நகரத்தின் வடக்கே, ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டின இரட்டை வீடுகளில் ஒன்றில் பாதியை அவர் வாங்கியிருந்தார். மற்றப் பாதியில் பிரிங்மன் இருந்தார்; ஜேர்மனில் மரியாதையாக ஹெர் பிரிங்மன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. நடுச் சுவர் ஒன்று, முகடு ஒன்று, கூரை ஒன்று. மகள் படிப்புக்கென்று பான் நகரத்துக்குப் போனபின் கூரைக்குக் கீழே இருந்த அவளுடைய அறை காலியாகியது. புஸ்பவதி தையல் மெசினை அங்கே ஏற்றினாள். டோர்ட்மண்டிலும் சுற்றிலும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குக் கலியாணமென்றாலும் சேலைக்குச் சட்டை அவள்தான் தைப்பாள். ஐம்பது வயது வரைக்கும் மற்றவர்களின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவளுக்குத் தன் பெயரில் கிடைத்த ஒரே இடம் அந்த அறை. அதற்கு மேலேதான் கூரை ஒழுகியது.

ஓட்டில் பாசி படர்ந்தால் ஈரம் ஊறும். ஊறிய ஓடு இரவில் உறைந்து வெடிக்கும். வெடித்த ஓட்டின் வழியே உருகிய பனி இறங்கும். கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். இதெல்லாம் இந்த நாட்டில் வீடு வாங்கிய எல்லாருக்கும் முதல் மாரியிலேயே தெரிந்துவிடும். கணேசலிங்கத்துக்கும் தெரிந்தது. தெரிந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஆட்களிடம் கருத்துக் கேட்டது.

வெடித்த ஓடுகளை மட்டும் மாற்றுவதா, முழுக் கூரையையும் மாற்றுவதா? இரண்டு கோடைகாலம் இந்தக் கேள்வியோடு போயிற்று. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் தேத்தண்ணி குடிக்கவிடாமல் மேலே கூட்டிக்கொண்டு போனார். கோயில் சபைத் தலைவர் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேட்டார். கார் விற்கிற ஒருத்தர், "வேண்டாம் அண்ணை, வித்துப்போட்டு வேறை வீடு பாருங்கோ" என்றார். அவருக்குத் தெரிந்த வீடு ஒன்று இருந்தது. நகரத்துக்கு வேலை மாறி வந்த தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருத்தர், மனைவிக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவர், அரை மணி நேரம் கூரையை விளக்கினார். இன்சுலேஷன், கண்டென்சேஷன் என்று அவர் இங்கிலீசில் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர் போகும்போது சட்டித் தண்ணீரில் கால் வைத்துவிட்டுப் போனார்.

"ஓட்டை அடைக்க மாநாடு வைக்கிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றாள் புஸ்பவதி.

"நீர் சும்மா இரும். அவசரப்பட்டுச் செய்யிற வேலை இல்லை இது."

"நான் ஆறுதலாத்தான் இருக்கிறன். தண்ணிதான் அவசரப்படுது."

கடைசியில் முடிவெடுத்தது ஹெர் பிரிங்மன். ஒரு நாள் வேலியருகே நின்று, தன் பாதியைப் புதிதாகப் போடப் போவதாகவும், இரண்டு பாதியையும் ஒன்றாகச் செய்தால் ஒரே சாரத்தில் வேலை முடியும் என்றும் சொன்னார். கூரைக்காரர் கொடுத்த நாள் ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை. கணேசலிங்கம் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நல்ல நட்சத்திரம். இரண்டு தேசமும் ஒத்துக்கொண்ட நாள் அது. அந்த நாளில்தான் சுவாமிநாதன் செத்துப் போனார்.

"ஒரு நாள் பொறுத்துச் செத்திருக்கலாம். உயிரோடை இருக்கேக்கையும் வேலியை விட்டுத்தரேல்லை, சாகேக்கை கூரையையும் விட்டுத்தரேல்லை" என்றாள் புஸ்பவதி.

"செத்தவனைப் பற்றி அப்பிடிக் கதையாதையும். அவன் ஆள் கெட்டவனில்லை."

இருபது வருடத்துக்கு மேலாக அவன் பெயரைச் சொன்னாலே எழும்பிப் போகிறவர் சொன்ன வார்த்தை அது. புஸ்பவதிக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் பின்னேரம் ஹெர் பிரிங்மன் கறுப்புக் கழுத்துப்பட்டியோடு வந்தார். கையில் தானே செய்த கேக். கணேசலிங்கத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். தன்னுடைய சகோதரன் ஒருத்தனையும் சுரங்கம் கொண்டுபோனதென்று சொல்லிக் கண் கலங்கினார். கணேசலிங்கமும் கலங்கினார். தனக்கு ப்ரூடர் முறையானவன் எப்படிப்பட்ட ப்ரூடர் என்று விளக்க அவருடைய ஜேர்மன் போதாது. போதுமானதாக இருந்திருந்தாலும் விளக்கியிருக்க மாட்டார்.

"கசின் எண்டாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் புஸ்பவதி, அவர் போனபின்.

"கசினுக்கு ஆர் கேக் கொண்டுவாறது?"

"அப்ப கேக்குக்காகத்தான்."

"அண்ணை எண்டால் அண்ணைதான். அதுக்கு இவங்களிட்டைச் சொல்லில்லாட்டி நான் என்ன செய்யிறது?"

அதன்பிறகு ஹெர் பிரிங்மன் ஒவ்வொரு நாளும் அந்தக் கறுப்புப் பட்டியைக் கட்டினார். குப்பை வைக்க வரும்போதும் கட்டியிருந்தார். சனிக்கிழமைகளில் சுவருக்கப்பால் உதைபந்தாட்ட வர்ணனையை உரக்கப் போடுகிற மனிதர், வானொலியை ஒருவருக்கும் கேட்காதபடி குறைத்து வைத்துக் கேட்டார். எத்தனை நாள் துக்கம் என்று கேட்டபோது கணேசலிங்கம் முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தார். ஜேர்மன்காரனிடம் ஓர் எண்ணைச் சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொள்வான்.

இரக்கம் அத்தோடு நிற்கவில்லை. கூரைக் கம்பனி முதலாளியும் கேள்விப்பட்டு, துக்கத்தில் இருப்பவரை அவசரப்படுத்தக் கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொல்லி, பிரிங்மனின் பாதியை முடித்துக்கொண்டு, சாரத்தையும் கழற்றிப் போய்விட்டார். வசந்தம் பிறக்கட்டும், ஆறுதலாகப் பார்க்கலாம் என்றார். எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாருமாகச் சேர்ந்து நல்ல எண்ணத்தாலேயே அந்தக் கூரையைத் திறந்த வாயோடு மாரிக்குள் தள்ளினார்கள்.

முகட்டோட்டுக்குக் கொளுக்கியாவது போட்டுவிடச் சொல்லிக் கேட்கட்டுமா என்றாள் புஸ்பவதி. கூரையில் கை வைக்கக் கூடாது என்றார் கணேசலிங்கம். பென்ஜமின் அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

"ஒரு சந்தேகம் அண்ணை. கழட்டேக்கை உங்களுக்குத் துடக்கு இல்லை. திரும்ப வைக்கேக்கை துடக்கு வந்திட்டுது. அப்ப கை வைச்சாச்சுத்தானே?"

"அது மூடினது. மூடுறது பிழையில்லை."

"அப்ப கொளுக்கி போடுறதும் மூடுறதுதானே?"

"கொளுக்கி புதுசு. புதுசு கூடாது."

"பழைய கொளுக்கி எடுத்துத் தரட்டோ? என்ரை வீட்டில துருப்பிடிச்சது கிடக்கு."

கணேசலிங்கம் கன்னத்தைச் சொறிந்தார். துடக்கு என்று முகம் வழிக்காமல் விட்டிருந்ததில் தாடி நரையாக முளைத்திருந்தது. மற்றவர்கள் செத்தபோது எட்டாம் நாளோடு வழித்துவிடுகிறவர், இந்தமுறை முழுவதும் வளரவிட்டார். அது படம் காட்டுவதற்கு என்றே புஸ்பவதி நினைத்தாள்.

துடக்குக் கழிந்ததும் அவளே கூரைக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். மகளின் கலியாணத்துக்குக் கெஞ்சுவது போலக் கெஞ்சி, ஆட்கள் வருவதற்கு ஒரு டெர்மின் வாங்கினாள். டிசம்பர் மாதம், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய திங்கட்கிழமை.

"மார்கழி பிறந்திடும்" என்றார் கணேசலிங்கம்.

புஸ்பவதி நாள்காட்டியில் அந்தத் திங்களைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"மார்கழியில வீட்டு வேலை தொடங்கக் கூடாது. குடிசையில இருக்கிறவனும் தொடங்கான்."

"குடிசையில இருக்கிறவன் மாரிக்கு முந்தியே வேய்ஞ்சு போடுவான். நான் சொல்லுறன் கேளுங்கோ, தை மாதம் ஆறு கலியாணச் சட்டை இருக்கு எனக்கு. சீலை முழுக்க மேலை கிடக்கு."

"தைப்பொங்கல் முடிஞ்ச அடுத்த திங்கள் கேளும். நல்ல நாள்."

இரண்டாந்தரம் கெஞ்சுவது முதல்தரத்தைவிட வெட்கமானது. அதையும் செய்தாள். பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை என்று நாள் கிடைத்தது. கணேசலிங்கம் பொங்கலன்று முற்றத்தில், பொங்கிய பானையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "பாத்தீரோ, எல்லாம் ஒழுங்கா வருது" என்றார்.

கிறில் என்று ஜேர்மன்காரர் பெயர் வைத்த புயல் அதே கிழமை வியாழக்கிழமை வந்தது. நாடு முழுக்க ரயிலை நிறுத்தினார்கள். பென்ஜமின் வேலை முடிந்து வீடு போக வழியில்லாமல் இவர்களுடைய மேசையில் இடியப்பத்துக்கு முன்னால் இருந்தான். முதலில் போனது முகட்டோடு. யாரோ மேலே நடந்துபோகிற மாதிரிக் கேட்டது. பிறகு அதற்குக் கீழ் வரிசை, அதற்குக் கீழ் வரிசை என்று சீட்டுக்கட்டைப் பிரிக்கிற மாதிரிக் காற்று பிரித்து எறிந்தது. பின்வளவில் ஓடுகள் விழுந்து நொறுங்கின.

புஸ்பவதி மேலே ஓடினாள். மழை நேராக அறைக்குள் பெய்துகொண்டிருந்தது. ஓட்டுக்குக் கீழே அடித்திருந்த தடித்த தாள் மாப் பை வெடித்தது போலக் கிழிந்து தொங்கியது. கூறைச்சேலைகளை வாரி எடுத்து பென்ஜமினின் தோளில் போட்டாள். அவன் மணப்பெண் போலச் சிவப்பும் பச்சையுமாகப் படியிறங்கினான். அடுத்த தடவை அவள் படியேறும்போது கூரையின் உள்தட்டுப் பலகை ஊறி இடிந்து, தையல் மெசினின் மேலே விழுந்தது. ஊசிப் பக்கம் ஒடிந்து கீழே தொங்கியது.

கணேசலிங்கம் கதவடியில் சட்டியோடு நின்றார். மனிசன் பழக்கத்தில் சட்டியை எடுத்துவிட்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஹெர் பிரிங்மன்தான் மழைக்கு மூடுகிற பெரிய தறப்பாளோடு வந்தார். மழையில் நனைந்து, கையில் சுத்தியலும் வாயில் ஆணிகளுமாக வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஆண்களும் உள்ளேயிருந்து தறப்பாளை இழுத்துப் பிடித்துக் கட்டினார்கள். அவருடைய பாதியில் ஓர் ஓடும் அசையவில்லை. விடிந்ததும் தெருவில் நின்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. ஒரே கூரை, ஒரு பாதி எண்ணெய் வைத்து வாரிய தலை, மற்றப் பாதி பேன் பார்க்கப் பிரித்துவிட்ட தலை.

வீட்டைப் பார்க்கச் சனம் வந்தது. முன்பு கருத்துச் சொன்ன அத்தனை பேரும் வந்தார்கள். முழுதாக மாற்றச் சொன்னவர், தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார். ஒட்டுப் போடச் சொன்னவரும் தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார். சபைத் தலைவர் கிழிந்த கூரையின் கீழே நின்று, "துடக்குக்குள்ள தொடங்காதது நல்லதாப் போச்சு. தொடங்கியிருந்தா ஆளே போயிருக்கும்" என்றார். கணேசலிங்கம் நன்றியோடு தலையாட்டினார். புஸ்பவதி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

கூரைக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால் இப்போது பதிவு செய்த குரல்தான் கதைத்தது. டோர்ட்மண்டைச் சுற்றிய ரூர் பக்கம் முழுக்க ஓடு பறந்திருந்தது. பிறகு ஆள் கிடைத்தபோது, ஆனியில் பார்க்கலாம் என்றார்கள். ஆறு கலியாணத்துக்கும் சட்டை தைக்கப் பெண்கள் வேறு ஆள் தேடிப் போனார்கள். சேலைகளை மடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருத்தியும், "பரவாயில்லை அக்கா, கவலைப்படாதையுங்கோ" என்றாள். மெசினைத் திருத்திப் பிரயோசனமில்லை என்று திருத்துகிறவன் சொன்னான். புஸ்பவதி அந்தச் செய்தியைக் கணேசலிங்கத்திடம் சொன்னபோது, அவர் திரும்பிப் பார்க்காமலே ம் என்றார். அவரிடம் சொல்ல அவளிடம் ஒரு மாதத்துக்குப் போதுமான சொற்கள் இருந்தன. நேரம் வரட்டும் என்று வைத்திருந்தாள்.

அந்த நேரம் அடுத்த சனிக்கிழமை வந்தது. சுவாமிநாதனின் மகன் அசோகன் தொலைபேசி எடுத்தான். தொலைபேசியை எல்லாரும் கேட்கும்படி போட்டுவிட்டுக் கணேசலிங்கம் கதைத்தார்.

"சித்தப்பா, ரிவியில காட்டினவங்கள். உங்கடை பக்கம் பெரிய புயலாமே. எல்லாரும் சுகமோ?"

"நாங்கள் சுகம் தம்பி. கூரை போயிட்டுது."

"கடவுளே. எங்கடையும் ஒழுகினதுதான் சித்தப்பா. நல்ல காலம், அப்பான்ரை செத்தவீடு முடிஞ்ச அடுத்த கிழமையே ஆளைப் பிடிச்சுப் புதுசாப் போட்டிட்டம். பனி விழ முந்திப் போடாட்டிப் பிறகு ஏலாது."

கணேசலிங்கம் தொலைபேசியை மேசையில் வைத்திருந்தார். அதை உற்றுப் பார்த்தார்.

"துடக்குக்குள்ளையோ?"

"இஞ்சை ஐயரைக் கேட்டனாங்கள். எட்டோடை முடிக்கலாம், குளிர் நாட்டில பரவாயில்லை எண்டவர். அம்மாவும் சொன்னவ, அப்பா இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லுவாரெண்டு. அவர் உதுகள் பாக்கிறேல்லைத்தானே."

"ஓம்," என்றார் கணேசலிங்கம். "அவன் சின்னனிலையே உதுகள் பாக்கிறேல்லை."

பிறகு அங்கத்தைய குளிரைப் பற்றி இரண்டு சொல், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு சொல். வைத்துவிட்டார்.

புஸ்பவதி கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். அகப்பட்டுக்கொண்ட ஆளைப் போல அவர் கதிரையில் இருந்தார். மெசின், சேலைகள், இரண்டு தரம் கெஞ்சி வாங்கிய நாள், ஆறு பெண்கள் எல்லாம் அவள் நாக்கின் நுனியில் வரிசையில் நின்றன. அவர் முந்திக்கொண்டார்.

"அப்ப, சுவாமிநாதனுக்கெண்டு முழுத் துடக்கும் காத்தது நான் ஒருத்தன்தான்."

குரலில் கோபம் இல்லை. பெருமையும் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவர் விடையைச் சொல்கிற மாதிரி இருந்தது. புஸ்பவதி வரிசையில் நின்றதையெல்லாம் விழுங்கினாள். முழுவதையும் விழுங்க முடியவில்லை.

"நீங்களும் ஹெர் பிரிங்மனும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். அது சரிதான் என்கிற மாதிரி ஆட்டினார். பிறகு எழும்பி, "காத்து எழும்புது. மேலை தறப்பாள் தளர்ந்து கிடக்கு, திருப்பிக் கட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு படியேறினார்.

பலகையில் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தேத்தண்ணியோடு ஏறினாள். உடைந்த மெசினுக்குப் பக்கத்தில், அவள் இருந்து தைக்கிற முக்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணேசலிங்கம் இருந்தார். மடியில் கயிறு கிடந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. படம் காட்ட வளர்த்தது என்று தான் நினைத்த தாடி அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவள் தேத்தண்ணியை மேல் படியில் வைத்துவிட்டு, படி கிறீச்சிடாத ஓரமாகக் கால் வைத்து இறங்கினாள்.

தறப்பாளின் மூன்று மூலைகள் கூரைச் சலாகையில் இறுகக் கட்டப்பட்டிருந்தன. நான்காவது மூலை அன்றைக்குக் கட்டுப்படவில்லை.